அடித்தெருவின் நீலம்

"இன்னும் கொஞ்சம் மேல தூக்குங்க" என்றாள்.

அவன் கைகளை உயர்த்தினான். அந்தத் தாள் ஒரு போர்வை அகலத்துக்கு இருந்தது. ஜன்னலுக்கு எதிரே அதை விரித்துப் பிடித்துக்கொண்டு, அதற்குப் பின்னால் அவன் நின்றான். அவள் கண்ணுக்குப் படங்கள். அவன் கண்ணுக்கு வெள்ளை முதுகு மட்டும். காலை வெயில் தாளுக்குள் புகுந்து வந்தபோது தெருக்களும் வீடுகளும் இடம் வலம் மாறி நிழலாகத் தெரிந்தன. பார்க்காத ஊரைக் கொசுவலைக்குள் படுத்துப் பார்ப்பது போலிருந்தது.

"தெரியுதா?"

"தெரியுது. ஆடாம நில்லுங்க. லிப்ட்டுக்காரருக்கு ஒரே மாடில நிக்கத் தெரியாதா?"

அவன் லிப்ட் மெக்கானிக். கல்யாணமான நாளிலிருந்து அவள் அவனை அப்படித்தான் கூப்பிட்டாள். கோபத்தில் மட்டும் 'ரிப்பேருக்காரரே' ஆகும். இன்று குரலில் கோபமும் இல்லை, கேலியும் பாதிதான். மீதியை மூச்சு எடுத்துக்கொண்டது. கட்டிலுக்குப் பக்கத்தில் பிராணவாயு மெஷின் ஒரே சுருதியில் முனகிக்கொண்டிருந்தது. அவள் இதயத்துக்கு இனி வலு ஏற வழியில்லை என்று ஆஸ்பத்திரியில் சொல்லி, வீட்டுக்குக் கூட்டிப்போங்கள் என்று அனுப்பிவிட்டார்கள்.

அவள் தாளின் ஒரு மூலையிலிருந்து மறு மூலை வரைக்கும் கண்ணை ஓட்டினாள். அவனுக்குத் தோள் கடுத்தது.

"ஊதா" என்றாள்.

"என்னது?"

"ஊதா அடிக்குது. இது தண்ணி இல்ல. மை."

அவன் தாளைத் திருப்பித் தன் பக்கம் பிடித்துப் பார்த்தான். நீலமாகத்தான் இருந்தது. எடுப்பான, நல்ல நீலம். சொன்னான்.

"உங்க சட்டை கூட நல்ல நீலம்தான். அதை நான்தான் எடுத்தேன்" என்று அவள் சிரித்தாள்.

ஊர் நீச்சல் குளத்தில் டிக்கெட் கவுன்டரில் இருந்தாள் அவள். காலையில் ஒரு கூட்டம், சாயங்காலம் ஒரு கூட்டம். நடுவில் தண்ணீரும் அவளும் மட்டும். அந்த நேரத்தில்தான் 'அடித்தெரு' என்ற படக்கதை பிறந்தது. ஒரு ராத்திரியில் ஊர் முழுக்கத் தண்ணீர் ஏறிவிடுகிறது. யாரும் சாகவில்லை. விடிந்ததும் எழுந்து, தண்ணீருக்குள்ளேயே பல் தேய்த்து, கடை திறந்து, சண்டை போட்டு, காதலித்து, வழக்கம் போல் வாழ்கிறார்கள். மேலே என்ன இருக்கிறதென்று பார்த்துவர ஒருத்தி மட்டும் ஆசைப்படுகிறாள். அவ்வளவுதான் கதை என்று அவள் ஒருமுறை சொல்லியிருந்தாள். அவன் படித்ததில்லை. சாப்பாட்டு மேசையில் பக்கம் பக்கமாக அது வளர்ந்த வருஷங்களில், தட்டு வைக்க இடம் தேடுவதுதான் அவன் பங்காக இருந்தது.

ஒரு பதிப்பகம் பிரதியை வாங்கி வைத்துக்கொண்டு ஒரு மழைக்காலம் முழுக்கப் பேசாமலிருந்தது. கடைசியில், பிள்ளைகளுக்கான கதையாக மாற்றிக் கொடுங்கள், மீன்கள் கொஞ்சம் சிரிக்கட்டும் என்றது. இன்னொன்று, கறுப்பு வெள்ளையில் போட்டுக்கொள்ளலாம் என்றது. "தண்ணியக் கறுப்பு வெள்ளைல போட்டா அது சாக்கடை. நானே போட்டுக்கறேன்" என்று அவள் பிரதியை வாங்கி வந்துவிட்டாள். காலை நீச்சல்காரர்கள் ஒவ்வொருவரும் கவுன்டர் ஜன்னல் வழியாகவே முன்பதிவு செய்தார்கள். குளத்தில் குதிப்பதற்கு முன் ஒரு புத்தகம் சொல்லிவிட்டுக் குதித்தார்கள். அட்டையின் பின்பக்கத்தில் பதிப்பகத்தின் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் அவள் ஒரு சின்ன ஏணியை வரைந்திருந்தாள்.

அவன் அச்சகத்துக்குப் போன் போட்டான். ஊதா அடிக்கிறதாம் என்றான்.

"மாதிரித் தாள்ல அப்படித்தான் சார் இருக்கும். நாளைக்கு மெஷின்ல ஏத்தறோம். மேடத்தை வரச் சொல்லுங்க, பக்கத்துல நின்னு பாத்துச் சொன்னா திருத்திடலாம்" என்றார் அச்சகக்காரர்.

அவன் திரும்பிக் கட்டிலைப் பார்த்தான். அவளுக்குக் கேட்டிருந்தது.

"நீங்க போய் நில்லுங்க."

"எனக்கென்ன தெரியும்? எந்த நீலம்னு நான் சொல்லுவேன்?"

அவள் கண்ணை மூடி யோசித்தாள். "கரையில நிக்கறவங்களுக்குத் தெரியற நீலம் இல்ல அது" என்றாள். பிறகு மேலே சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் அவனுடைய அக்கா சூப்புக் கிண்ணத்தோடு உள்ளே வந்தாள். இரண்டு மாதமாகத் தன் வீட்டைப் பூட்டிப்போட்டுவிட்டு வந்து இங்கேயே இருப்பவள்.

"பொம்மைப் புக்கைப் பாத்தது போதும். வாயைத் திற" என்றாள் அக்கா.

"பொம்மைப் புக்கு இல்ல அண்ணி. கிராஃபிக் நாவல்."

"என்ன எழவோ. ரெண்டு வாய் குடிச்சிட்டு நாவல் பேசு."

அவள் ஒரு வாய் குடித்தாள். அவன் தாளைச் சுருட்டத் தொடங்கினான்.

"சுருட்டாதீங்க" என்றாள். "மடிப்பு விழும்."

வேறு இடமில்லாததால் அவள் பக்கத்தில், தான் படுக்கும் இடத்தில் தாளை விரித்தான். அவள் ஒரு கையை அதன் ஓரத்தில் வைத்துக்கொண்டு கண்ணை மூடினாள். அவன் நாற்காலியில் உட்கார்ந்தான். பல நாள் தூக்கம் வெயிலோடு சேர்ந்து இமையில் ஏறியது. மெஷின் சத்தம் தூரத்துப் படகுச் சத்தம் போல் ஆனது. யாரோ அவனைத் தாண்டி மெதுவாக நடந்து போவது போலிருந்தது. தூங்குபவரை எழுப்பக் கூடாதென்று செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு போகிறவர்களின் நடை.

விழித்தபோது மெஷின் முனகிக்கொண்டுதான் இருந்தது. அவள்தான் இல்லை. கை தாளின் மேலேயே இருந்தது. தெருவையும் வீடுகளையும் பாதி மறைத்துக்கொண்டு.

அவன் அக்காவைக் கூப்பிடவில்லை. முதலில் எழுந்து மெஷினை அணைத்தான். அதற்குப் பிறகு வீட்டில் வந்த நிசப்தத்தைக் கேட்டு அக்காவே அடுப்படியிலிருந்து ஓடி வந்தாள்.

மறுநாள் காலை அவளைக் கூடத்தில் கிடத்தியிருந்தார்கள். அவளுடைய தம்பி ரயிலில் வந்துகொண்டிருந்தான். அவன் வந்தபின் பிற்பகலில் எடுப்பதென்று முடிவாகியிருந்தது. தெருக்காரர்களும் சொந்தக்காரர்களும் சுவரோரமாக உட்கார்ந்திருந்தார்கள். யார் யாரோ வந்து அவன் கையைப் பிடித்தார்கள். கை அவனுடையதில்லை போலவும், யாரோ அவனிடம் சற்று நேரம் வைத்திருக்கச் சொல்லிக் கொடுத்தது போலவும் இருந்தது. கண்ணாடிக்குப் பின்னால் பேசுகிறவர்கள் போல எல்லாருடைய வாயும் அசைந்தது.

போன் அடித்தது.

"சார், மெஷின்ல பிளேட்டெல்லாம் ஏத்தியாச்சு. மேடம் கிளம்பிட்டாங்களா?"

"அவ நேத்து தவறிட்டா" என்றான். வாய்விட்டு அதைச் சொன்னது அதுதான் முதல் தடவை.

அச்சகக்காரர் அந்தப் பக்கம் யாரிடமோ மெஷினை நிறுத்தச் சொன்னார். "பிளேட்டை இறக்கிடறேன் சார். நீங்க இதெல்லாம் இப்ப நினைக்காதீங்க. நாளையிலேர்ந்து பாடப்புத்தக வேலை உள்ள வருது. அது முடியட்டும், பாத்துக்கலாம்."

"அது எப்ப முடியும்?"

"சொல்ல முடியாது சார். பள்ளிக்கூடம் திறக்கற வரைக்கும் ஓடும்."

அவன் கூடத்தைப் பார்த்தான். அவள் முகத்தில் யாரோ சொல்லிக்கொண்டிருக்கும் கதையைப் பாதியில் நிறுத்திவிட்டார்கள் என்பது போல் ஒரு பொறுமை இருந்தது.

"இறக்காதீங்க. வரேன்" என்றான்.

வாசலில் செருப்பை மாட்டும்போது அக்கா பின்னால் வந்து நின்றாள்.

"எங்க?"

"பிரஸ்ஸுக்கு."

"தம்பி, உனக்குப் புத்தி கெட்டுப்போச்சா? அத்தனை பேரும் வந்து உக்காந்திருக்காங்க. அவளை நடுவீட்டுல போட்டுட்டு, பொம்மைப் புக்குக்கு..." அக்காவுக்குக் குரல் உடைந்தது. "நாலு பேரு என்ன பேசுவாங்க?"

"பேசட்டும்க்கா."

"நாளைக்குப் போனா ஆகாதா?"

"ஆகாது. நீலம் தப்பா இருக்கு."

அக்கா அவன் முகத்தைப் பார்த்தாள். அழுது வீங்கிய கண்கள். ராத்திரி முழுக்க அவள்தான் உட்கார்ந்து, இறந்தவளின் விரல் இடுக்கிலிருந்த மைக்கறையைத் துணியால் துடைத்துத் துடைத்துப் பார்த்துப் போகாமல் விட்டிருந்தாள். இப்போது கையை நீட்டி அவன் சட்டைக் காலரை இழுத்துச் சரிசெய்தாள்.

"அவ தம்பி வர்றதுக்குள்ள வந்து நில்லு" என்றாள். உள்ளே திரும்பி, யாரோ கேட்டதற்கு, "டாக்டர் சீட்டு வாங்கப் போறான்" என்று சத்தமாகப் பொய் சொன்னது தெரு வரைக்கும் கேட்டது.

அச்சகத்தில் மண்ணெண்ணெயும் ஈரக் காகிதமும் கலந்த வாசனை. நாலு வண்ண மெஷின் ஒரு ரயில் பெட்டி நீளத்துக்கு நின்றது. அச்சகக்காரர் அவனைப் பார்த்ததும் எழுந்து நின்றார், உள்ளே கூட்டிக்கொண்டு போனார். மெஷின்காரர் ஒரு தாளை உருவி, சாய்வு மேசையில் வெள்ளை விளக்குக்கு அடியில் போட்டார்.

"இப்படி வருது சார். எப்படி வேணும்?"

அவன் குனிந்தான். வாழ்க்கையில் முதல் தடவையாக அவள் கதையைக் கட்டம் கட்டமாகப் பார்த்தான். ஒரு ரொட்டிக் கடை. கடைக்காரர் ரொட்டியை எடுத்துக் கொடுக்கிறார், ரொட்டி கையை விட்டு மிதக்கிறது. அந்தக் கையின் சுண்டுவிரல் உள்பக்கமாக வளைந்திருந்தது. அவன் தன் கையைப் பார்த்தான். வருஷங்களுக்கு முன் லிப்ட் கதவில் நசுங்கிய விரல். அடுத்த கட்டத்தில் ஒரு தபால்காரர், அதே சுண்டுவிரல். ஒரு போலீஸ்காரர். ஜன்னல் கம்பியை வளைக்கும் ஒரு திருடன். அழும் குழந்தையைத் தட்டிக் கொடுக்கும் ஒரு அப்பா. ஊரில் எத்தனை ஆண்கள் உண்டோ அத்தனை பேருக்கும் அவன் கை. "ஒரு நிமிஷம் கையைக் காட்டுங்க" என்று அவள் கேட்ட சாயங்காலங்கள் எல்லாம் இங்கேதான் வந்து சேர்ந்திருந்தன. அந்தச் சமயங்களில் அவன் டிவியைப் பார்த்துக்கொண்டே கையை மட்டும் நீட்டியிருந்தான்.

"சார், கலர் ஓகேவா?"

"ஊதா அடிக்குது" என்றான். அவளுடைய சொல். அதற்கு மேல் அவனிடம் சொல் இல்லை.

"சிவப்பு குறைக்கலாம். எவ்வளவுன்னு நீங்க சொல்லணும். மத்த தாளெல்லாம் இதை வெச்சேதான் ஓடும்."

எவ்வளவு. அவன் தாளின் மேல் விரலை வைத்தான். மை ஒட்டியது. கரையில நிக்கறவங்களுக்குத் தெரியற நீலம் இல்ல.

"கொஞ்ச நேரம் நிறுத்தி வைக்க முடியுமா? ரெண்டு தெரு தள்ளிப் போய்ட்டு வந்துடறேன்."

மெஷின்காரர் முதலாளியைப் பார்த்தார். முதலாளி தலையசைத்தார். அவன் அந்தத் தாளை எடுத்துக்கொண்டு கிளம்பினான்.

குளத்தின் கேட் சாத்தியிருந்தது. 'இன்று விடுமுறை' என்று அட்டை எழுதி மாட்டியிருந்தார்கள். தட்டியதும் குளோரின் வந்து திறந்தார். குளத்துக்கு மருந்து போடுகிறவர். அவருடைய உண்மைப் பெயர் சம்பளம் போடுகிறவருக்கு மட்டும்தான் தெரியும் என்று அவள் சொல்வாள். இழவுக்குக் கிளம்பத் தயாராகச் சலவைச் சட்டை போட்டிருந்தார்.

"சார்? நீங்க... இங்க?"

"தண்ணியப் பாக்கணும்."

குளோரின் கேட்டை முழுதாகத் திறந்தார். விலகி நின்றார்.

யாருமில்லாத குளத்தை அவன் இதற்கு முன் பார்த்ததில்லை. தண்ணீர் ஒரு சுருக்கமும் இல்லாமல் கிடந்தது. அவன் தாளை விரித்துத் தண்ணீருக்கு நேராகப் பிடித்தான். பொருந்தவில்லை. எட்ட நின்று பார்த்தான், குனிந்து பார்த்தான். மேலே இருந்து பார்க்கையில் தெரிவதெல்லாம் அடியில் பதித்த ஓடுகளின் நிறமும், வானமும், நிழலாகத் தன் தலையும். அவள் வரைந்தது இது எதுவுமே இல்லை.

வருஷக்கணக்காக அவள் கூப்பிட்டிருக்கிறாள். முழங்காலுக்கு மேல் அவன் இறங்கியதில்லை. நாலு சுவருக்குள் கம்பியில் தொங்கும் பெட்டியில் பதினைந்தாம் மாடியில் சிக்கிக்கொண்டாலும் பதறாதவனுக்குத் தண்ணீர் என்றால் பயம்.

"நிக்கற ஆழம் எது?"

"இந்த ஏணிப் பக்கம். நெஞ்சு வரைக்கும்தான் வரும். சார், உங்களுக்கு நீச்சல்..."

"நீந்தப் போறதில்ல."

செருப்பைக் கழற்றினான். போனையும் தாளையும் குளோரினிடம் கொடுத்தான். சட்டையோடும் பேன்ட்டோடும் ஏணிக் கம்பியைப் பிடித்து ஒவ்வொரு படியாக இறங்கினான். தண்ணீர் இடுப்பைத் தொட்டபோது மூச்சு நின்றது. நெஞ்சைத் தொட்டபோது, கம்பியை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, கண்ணைத் திறந்தபடியே முழுகினான்.

முதலில் எரிச்சல். பிறகு நிறம்.

அது எங்கேயும் ஒட்டியிருக்கவில்லை. ஒரு பொருளின் மேலும் பூசப்பட்டிருக்கவில்லை. அவனுக்கும் எல்லாவற்றுக்கும் நடுவில் இருந்தது. நீலம்தான், ஆனால் அதன் அடியில் யாரோ ஒரு பச்சை விளக்கை ஏற்றி வைத்திருப்பது போல. வெயிலின் வலை அடித்தரையில் விரிந்து விரிந்து சுருங்கியது. மேலே குளோரின், காற்றில் ஆடும் துணி போல வளைந்து நெளிந்து நின்றார். சத்தமெல்லாம் வெகுதூரம் போயிருந்தது. இதயம் அடிப்பது மட்டும் பக்கத்து அறையில் யாரோ நடமாடுவது போலக் கேட்டது. அவன் முன்னால் ஒரு கை மிதந்தது. வெளிறிய, பெரிய, சுண்டுவிரல் வளைந்த கை. ரொட்டிக்காரரின் கை. தபால்காரரின் கை.

மூச்சுக்கு மேலே வந்தான். மறுபடி முழுகினான். மூன்றாவது தடவை முழுகியபோது ஏணிக் கம்பியை விட்டிருந்தது அவனுக்கே தெரியவில்லை.

வெளியே ஏறியபோது குளோரின் தாளை மார்போடு அணைத்துப் பிடித்தபடி நின்றார். அவர் கண்கள் சிவந்திருந்தன. "குளோரின் காத்து சார், கண்ணுக்கு ஆகாது" என்றார். யாரோ மறந்துவிட்டுப் போன துண்டு ஒன்றை அலமாரியிலிருந்து எடுத்துக் கொடுத்தார்.

அச்சகத்தில் அவன் நின்ற இடத்தில் தரை நனைந்தது. மெஷின்காரர் ஏற இறங்கப் பார்த்தார். கை துடைக்கும் பஞ்சுத் துணியை ஒரு கத்தை எடுத்து அவன் காலடியில் போட்டார்.

"சிவப்பைக் குறைங்க" என்றான்.

மெஷின் ஓடியது. தாள் வந்தது.

"இன்னும்."

மறுபடி ஓடியது.

"இன்னும் குறைங்க. இப்ப மஞ்சள் கொஞ்சம் ஏத்துங்க. கொஞ்சம். அடியில பச்சை தெரியணும். தெரிஞ்சும் தெரியாம."

மெஷின்காரர் பொத்தான்களை ஒவ்வொன்றாகத் தட்டினார். வீணான தாள்கள் ஓரத்தில் அடுக்கடுக்காகச் சேர்ந்தன. அச்சகக்காரர் தாளின் விலையைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. ஒரு தாள் வந்து விளக்குக்கு அடியில் விழுந்தது. அவன் குனிந்தான். ரொட்டிக் கடை, தெரு, மிதக்கும் ரொட்டி. மூச்சை அடக்கிக்கொண்டிருப்பது அவனுக்குத் தெரிந்தது.

"இதுதான்" என்றான்.

"நிச்சயமா சார்?"

"ஆமா. ஓட்டுங்க."

வீட்டு வாசலில் அக்கா நின்றிருந்தாள். வானத்தைப் பார்த்தாள், அவனைப் பார்த்தாள்.

"என்னடா இது? மழையா?"

"இல்ல. முழுகினேன்."

அக்கா அவன் கையைப் பிடித்து இழுத்தாள். பின்வழியாக அவனை உள்ளே தள்ளிக்கொண்டுபோய், துண்டால் அவன் தலையைச் சின்ன வயதில் துவட்டியது போல முரட்டுத்தனமாகத் துவட்டினாள். துவட்டுகிறபோதே அழுதாள். "கிறுக்குப் பயலுக்குக் கிறுக்கி" என்றாள்.

மைத்துனன் வந்து சேர்ந்திருந்தான். குளத்துக்காரர்களும் வந்தார்கள். உடுத்திய உடுப்பில் அவர்களை அவனுக்கு அடையாளம் தெரியவில்லை. "நான் மூணாவது லேன்" என்று ஒரு அம்மாள் தன்னை அறிமுகப்படுத்திக்கொண்டார். வரிசையாக வந்து அவள் முகத்தைப் பார்த்துவிட்டு நகர்ந்தார்கள். தடித்த மனிதர் ஒருவர் அவன் கையைப் பிடித்துக்கொண்டு, கேட்கலாமா கூடாதா என்று தவித்தார்.

"தப்பா எடுத்துக்காதீங்க. அந்தப் புத்தகம்..."

"அச்சுல இருக்கு" என்றான்.

அவர் பின்னால் திரும்பி அடுத்தவரிடம் சொன்னார். "அச்சுல இருக்காம்." அடுத்தவர் அதற்கடுத்தவரிடம். கூடத்திலிருந்து வாசல் வரைக்கும், வாசலிலிருந்து தெரு வரைக்கும் அந்தச் சொல் தணிந்த குரலில் கைமாறிப் போய்க்கொண்டிருந்தபோது, அவளைத் தூக்கினார்கள்.

சில வாரங்கள் கழித்து, வேலை முடிந்து அவன் பஸ்ஸில் வந்துகொண்டிருந்தான். புத்தகங்கள் வந்து, மூன்றாவது லேன் அம்மாளும் மற்றவர்களும் வாங்கிப்போய், மீதி சாப்பாட்டு மேசைக்கு அடியில் இருந்தன. அக்கா தன் வீட்டுக்குப் போகும்போது ஒன்றைப் பையில் வைத்துக்கொண்டு போனாள். பஸ்ஸில் கூட்டமில்லை. எதிர் இருக்கையில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். வேலைக்குப் போய்த் திரும்பும் களைப்பு முகத்தில். மடியில் ஒரு பொட்டலம். தைத்து வாங்கிய செருப்பாக இருக்க வேண்டும். அதைச் சுற்றியிருந்த காகிதம் ஊதா அடித்தது. அச்சகத்தில் அன்று வீணென்று ஒதுக்கிய தாள்களில் ஒன்று.

அவள் முதலில் அதைச் சும்மா பார்த்தாள். பிறகு பொட்டலத்தைச் சற்றுத் திருப்பினாள். ஏதோ ஒரு கட்டம் செருப்பின் குதிகாலுக்கு அடியில் போய் மறைந்தது. அவள் நூலை அவிழ்த்தாள். செருப்புகளை எடுத்துப் பக்கத்து இருக்கையில் வைத்துவிட்டு, தாளை முழங்காலில் போட்டு உள்ளங்கையால் நீவினாள். மடித்து வெட்டாத அச்சுத் தாளில் பாதிப் பக்கங்கள் தலைகீழாக இருந்ததால் தாளைச் சுற்ற வேண்டியிருந்தது. சுற்றினாள். தொடர்ச்சி அங்கே இல்லை. மறுபடி சுற்றினாள்.

அவன் இறங்க வேண்டிய இடம் வந்தது. பஸ் நின்று, கதவு திறந்து, மூடியது. அந்தப் பெண் தாளை ஜன்னல் வெளிச்சத்துக்குத் தூக்கிப் பிடித்து, ஒரு விரலை வைத்து, அடுத்த கட்டத்தைத் தேடிக்கொண்டிருந்தாள்.